தனியாக, பல நாள், காட்டில்: மூன்றில் இரண்டுதான் கிடைக்கும்

"பையை மாட்டிக்கிட்டு ஒரு வாரம் தனியா மலையில நடக்கணும். ஊட்டிப் பக்கம் போகட்டுமா, கொடைக்கானல் பக்கம் போகட்டுமா?" இப்படிக் கேட்டு அடிக்கடிச் செய்தி வருகிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் இமயமலையில் யாரோ பத்து நாள் டென்ட் போட்டு நடந்த வீடியோவைப் பார்த்தவர்கள். அதே மாதிரி நம்ம ஊர் மலையிலும் முடியும் என்று நினைத்துக்கொண்டு, டென்ட்டும் கேஸ் அடுப்பும் வாங்கிவிட்டே கேட்பவர்களும் உண்டு.

அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் ஆசையில் மூன்று சொற்கள் இருக்கின்றன: தனியாக, பல நாள், காட்டில். ஊட்டி இருக்கும் நீலகிரியிலும் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரிலும் இந்த மூன்றும் சேர்ந்து கிடைக்காது. அதிகபட்சம் இரண்டு கிடைக்கும். எதை விடத் தயார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எந்த மலை என்பது அதற்கு அப்புறம் பெரிய குழப்பமாக இருக்காது.

ஏன் கிடைக்காது? இந்த மலைகளில் மிச்சமிருக்கும் நல்ல காடெல்லாம் காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா என்று ஏதோ ஒரு பெயரில் வனத்துறை வசம் இருக்கிறது. முக்கூர்த்தி தேசியப் பூங்கா, முதுமலை புலிகள் காப்பகம் எல்லாம் தெரிந்ததே. பழனி மலைக்காரர்கள் பலருக்கே தெரியாதது, 2013 முதல் கொடைக்கானலைச் சுற்றி 600 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் வனவிலங்கு சரணாலயம் என்பது. அனுமதியில்லாமல் உள்ளே போவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் புல்வெளித் தீயில் சிக்கி, மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. வழிகாட்டி இல்லாமல், பெயர் பதியாமல் காட்டுக்குள் நடப்பதற்கு இப்போது வழியே இல்லை.

கெடுபிடி என்று எரிச்சல்படுகிறவர்கள், மாசி பங்குனியில் காய்ந்து நிற்கும் போதைப்புல்லில் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். அப்பளம் மாதிரி நொறுங்கும். சரிவில் கீழே தீ பிடித்தால் அது மேலே ஏறும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடு கொடுக்காது.

எதை வைத்து முடிவு செய்வது

அனுமதியைச் சொல்லியாயிற்று. மிச்சம் நான்கு விஷயங்கள்.

ஒன்று, ராத்திரி எங்கே படுப்பது. டென்ட் கிடையாது என்றால் கூரை வேண்டும். கூரை எங்கே இருக்கிறதோ அதுதான் உங்கள் பாதையை முடிவு செய்யும். தனியார் நிலத்தில் டென்ட் போட்டுத் தருகிறோம் என்று அழைப்பவர்கள் இரண்டு மலையிலும் இருக்கிறார்கள். அதில் பலவற்றுக்கு உரிமம் கிடையாது, அதிகாரிகள் வந்து பிரித்துப் போடுவதும் நடக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்குப் பையோடு வெளியே நிற்பது தனி ஆளுக்குத்தான் கஷ்டம்.

இரண்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கே இருப்பீர்கள். காட்டெருமை, கரடி, சிறுத்தை எல்லாமே பொழுது சாயும்போதும் விடியும்போதும்தான் தேயிலைக்குள்ளும் காய்கறித் தோட்டத்துக்குள்ளும் இறங்கும். நாலரைக்கு ஊருக்குள் சேர முடியாத நடை எனக்கு வேண்டாம்.

மூன்று, பாதியில் விட்டுவிட்டு வர முடியுமா. கால் பிசகினால், காய்ச்சல் வந்தால், அல்லது சும்மா மனசு சரியில்லை என்றால் ஒரு பஸ் இருக்க வேண்டும். கூட ஆள் இருந்தால் இது சின்ன விஷயம். தனி ஆளுக்கு இதுதான் முதல் விஷயம்.

நான்கு, மழை எந்தப் பக்கம். இதை யாரும் கேட்பதே இல்லை. எனக்கோ இதுதான் பாதி முடிவைச் செய்துவிடுகிறது. நீலகிரியின் மேற்குப் பக்கம், அதாவது அவலாஞ்சி, அப்பர் பவானி, குந்தா, கூடலூர், தென்மேற்குப் பருவமழையை நேராக முகத்தில் வாங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. சென்னையின் ஒரு வருஷ மழையில் பாதிக்கு மேல் அது. தொட்டபெட்டாவைத் தாண்டிக் கிழக்கே குன்னூர், கோத்தகிரி வந்தால் அதே நாளில் தூறல்தான் இருக்கும். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் கதை மாறிவிடும். வடகிழக்குப் பருவமழை இந்தக் கிழக்குச் சரிவில்தான் முட்டும். 2009 நவம்பரில் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது குன்னூர், கேத்தி, ஊட்டி வட்டாரத்தில்தான். பழனி மலைக்கு ஆனைமலையும் மூணாறு மலைகளும் மேற்கே குடை பிடிக்கின்றன. ஆடி மாதம் சாரலும் மூடுபனியும் உண்டு, அடைமழை அவ்வளவாக இல்லை. அங்கேயும் பெருமழை ஐப்பசியில்தான்.

ஆகவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை லீவு என்றால் என் முதல் தேர்வு பழனி மலை. அதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை.

மேல் பழனி: பூம்பாறையிலிருந்து கிளாவரை வரை

விடுவது காட்டை. கிடைப்பது தனிமையும் நாட்களும்.

கொடைக்கானலுக்கு மேற்கே ஒரு ரோடு மலை முதுகில் ஓடுகிறது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கடைசியில் கிளாவரை. நடுவில் கூக்கால் ஏரிக்கு ஒரு கிளை பிரியும். மொத்தமே ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டிலிருந்து இந்த ஊர்களுக்கெல்லாம் அரசு பஸ் உண்டு, ஒரு நாளைக்குச் சில முறை. அதனால் எந்த ஊரில் கை விரித்தாலும் அடுத்த நாள் காலை கொடைக்கானலில் இருக்கலாம்.

நான் இதை ஆறு நாளில் நடந்தேன். வேகமாகப் போகிறவர்கள் மூன்று நாளில் முடித்துவிடுவார்கள், ஆனால் அதில் என்ன இருக்கிறது? பூம்பாறையிலேயே இரண்டு நாள் போய்விடும். படிப்படியாக வெட்டிய வயல், நடுவில் குழந்தை வேலப்பர் கோயில், வீடுகளுக்குள் கட்டுக்கட்டாகத் தொங்கும் மலைப்பூண்டு. இந்தப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குள் நுழையும்போதே அதன் காரம் மூக்கில் ஏறும். ஒரு திண்ணையில் பூண்டுத் தாளை அறுத்துக்கொண்டிருந்த பாட்டி என்னையும் பையையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏத்தா, ஒத்தையாவா வந்த?"

"ஆமா பாட்டி."

"வீட்டுல ஏதும் சண்டையா?"

இல்லை என்றேன். நம்பவில்லை. சூடாகக் கடுங்காப்பி கொடுத்து, "சரி, எதுன்னாலும் நாளைக்கு வீட்டுக்குப் போயிரு" என்று புத்தி சொன்னார். தனியாக நடக்கும் பெண்ணுக்கு மலை கிராமத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான். கேள்வி நூறு வரும். கேட்பவர்கள்தான் ராத்திரி கதவைத் தட்டினால் திறப்பவர்களும்.

இனி குறைகள். முதல் குறை, இது தார் ரோடு. பூம்பாறையைத் தாண்டியதும் ரோடு பைன், தைல மரம், சவுக்கு மாதிரி தெரியும் வாட்டில் என்று நட்டு வளர்த்த மரங்களுக்குள் போகும். பார்ப்பதற்குக் காடு, ஆனால் பாதி இடத்தில் அடியில் ஒரு புல் பூண்டு கிடையாது, பறவைச் சத்தமும் குறைவு. சோலை பார்க்க வந்தவர்கள் ஏமாந்து போவார்கள். மன்னவனூர் புல்வெளி வந்த பிறகுதான் வானம் திறக்கும். அங்கே மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. அதையும் ஏரியையும் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்.

இரண்டாவது குறை காட்டெருமை. மன்னவனூருக்கு முன்னால் ஒரு வளைவில், காலை எட்டு மணி இருக்கும், மூடுபனி தரையோடு தரையாகக் கிடந்தது. ரோட்டோரம் பெரிய பாறை ஒன்று. பத்தடி கிட்டே போன பிறகு பாறை மூச்சு விட்டது. ஈரச் சாணமும் நனைந்த கம்பளியும் கலந்த ஒரு வாடை. அப்புறம்தான் முட்டி வரை வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி நாலு கால் தெரிந்தது. ஆண் காட்டெருமை ஒரு டன் எடையைத் தொடும். அது மேயவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. முதுகைக் காட்டாமல் ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து, ரோட்டோர மதகுச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். இருபது நிமிஷம் கழித்து கேரட் ஏற்றப் போகிற பிக்கப் ஒன்று வந்து ஹார்ன் அடித்தது. "ஏறுங்கக்கா, இது தெனமும் இங்கதான் நிக்கும்" என்றார் டிரைவர். அன்றிலிருந்து ஒரு விதி: ரோடு மரங்களுக்குள் போகும் நீளத்தைப் பஸ்ஸிலோ பிக்கப்பிலோ கடந்துவிடுவது, ஊரும் வயலும் திறந்த புல்லும் இருக்கிற இடத்தில் மட்டும் நடப்பது. முழுக்க நடந்தேன் என்று பெருமை பேச முடியாது. பரவாயில்லை.

வெளியே தெரியாத செலவு இங்கே அறை வாடகை. தனி ஆளானாலும் இருவர் வாடகைதான். வார நாளில் பூம்பாறையில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு முடிந்தது. சனி ஞாயிறு அதே அறைக்கு இரண்டு மடங்கு கேட்டார்கள். ஏப்ரல் மே பற்றிப் பேசவே வேண்டாம். கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் முன்பணம் வாங்கிய பிறகு, நேரில் என்னைத் தனியாகப் பார்த்ததும் "சிங்கிளா வர்றவங்களுக்கு ரூம் தர்றதில்லை மேடம்" என்று சொல்லிவிட்டார்கள். தனி ஆள் ஏதாவது விபரீதம் செய்துகொள்வாரோ என்ற பயம். ஆண்களுக்கும் இதே பதில்தான் என்று பிறகு தெரிந்தது. பணம் திரும்பி வர மூன்று வாரம் ஆனது. அதிலிருந்து, முன்பதிவு செய்யும்போதே "நான் ஒருத்திதான் வருகிறேன்" என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்கிறேன்.

தண்ணீரும் ஒரு விஷயம். ஓடை பளிங்கு மாதிரி ஓடும். அதற்கு மேலே கேரட், உருளை, முட்டைக்கோசு வயல் இருக்கும், அங்கே அடித்த மருந்தெல்லாம் அதில்தான் இறங்கும். கொதிக்க வைத்தால் கிருமி போகும், மருந்து போகாது. டீக்கடையிலோ தங்கும் வீட்டிலோ நிரப்பிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இரண்டு மலையிலும் தடை, செக்போஸ்டில் பையைத் துழாவுவார்கள். எவர்சில்வர் பாட்டில் இரண்டு போதும்.

கிளாவரையில் நின்று பார்த்தால் எதிர்ச் சரிவில் கேரளாவின் வட்டவடை பக்கம் தெரியும். அந்தக் காலத்தில் சனங்கள் நடந்து போய் வந்த ஒற்றையடிப் பாதை உண்டு. "அக்கா, மூணு மணி நேரத்துல அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுறேன்" என்று யாராவது சொல்வார்கள். இரண்டு மாநில எல்லையும் பாதுகாக்கப்பட்ட காடும் நடுவில் இருக்கின்றன. அனுமதி கேட்காமல் இறங்காதீர்கள்.

கீழ் பழனி: தாண்டிக்குடிப் பக்கம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, ஆடலூர், பாச்சலூர். காப்பித் தோட்டம், மிளகுக்கொடி, மலை வாழை. குளிர் குறைவு, கூட்டம் இல்லை, தாண்டிக்குடியில் பெருங்கற்காலக் கல்திட்டைகளும் மலை உச்சி முருகன் கோயிலும் உண்டு. இரண்டு மூன்று நாளுக்கு அருமை. ஆனால் இந்த உயரத்தில் யானை நடமாட்டம் இருக்கிறது. காப்பித் தோட்டத்துக்குள் பத்தடிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. தனியாக நடப்பதற்கு மேல் பழனியைவிட இது எனக்கு அதிகம் பயம். தோட்டத்துக்காரர் யாரையாவது தெரிந்திருந்தால் போங்கள், காலையில் அவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தெரியாவிட்டால் விட்டுவிடலாம்.

நீலகிரி கிழக்கு: கோத்தகிரி, குன்னூர், கேத்தி

இதிலும் விடுவது காட்டைத்தான். மேல் பழனியைவிட வசதி கூட, அமைதி குறைவு.

கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர். ஊட்டியின் 2,240 மீட்டர் குளிர் இங்கே இல்லை. கோத்தகிரியிலிருந்து கோடநாடு, திரும்பி வந்து கட்டபெட்டு வழியாகக் குன்னூர், அப்புறம் கேத்திப் பள்ளத்தாக்கு, கடைசியில் ஊட்டி என்று ஐந்தாறு நாளைக்கு ஹட்டி ஹட்டியாகப் போகலாம். படகர் இன மக்களின் ஊர்தான் ஹட்டி. வரிசையாக ஒட்டிய வீடுகள், நடுவில் கோயில், சுற்றிலும் தேயிலை. பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ், அரை மணிக்கு ஒரு டீக்கடை, வர்க்கி. கால் வலித்தால் கேத்தியிலோ லவ்டேலிலோ மலை ரயில் பிடிக்கலாம், இடம் கிடைத்தால். பாதியில் விட்டுவிட்டு வருவது என்ற கணக்கில் இதற்கு முழு மதிப்பெண்.

முதல்முறை தனியாக நடப்பவர்களை நான் அனுப்புவது இங்கேதான். பயம் தெளிவதற்கு நல்ல மலை.

இங்கே சிக்கல் வேறு மாதிரி. தேயிலைக்குள் போகும் பாதை பார்க்கப் பொதுப்பாதை மாதிரி இருக்கும், எஸ்டேட்காரர்கள் நிறுத்துவார்கள். ஊர்ச் சனங்கள் நடக்கிற வழி எது என்று கொழுந்து பறிக்கும் அக்காக்களைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். அப்புறம் கரடி. பழனி மலையில் நடந்து பழகியவர்கள் காட்டெருமையை மட்டும் நினைத்துக்கொண்டு வருவார்கள். கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்தில் கரடி ஊருக்குள்ளேயே வரும். கோயில் கதவை உடைத்து விளக்கில் ஊற்றும் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும் செய்தி அங்கே வாடிக்கை. கரடி கிட்டப்பார்வைக்காரர் மாதிரி. நீங்கள் வருவது அதற்குத் தெரியாது, தெரிந்ததும் பயத்தில் பாயும். தேயிலை வளைவுகளில் பேசிக்கொண்டோ பாடிக்கொண்டோ போங்கள், தனியாக இருந்தாலும். பைத்தியம் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும்.

மார்கழி கடைசியில் ஹெத்தையம்மன் பண்டிகை வரும். அந்த நாட்களில் படக ஊர்களில் எல்லாரும் அந்த வேலையாக இருப்பார்கள். வேடிக்கை பார்க்கப் போவதானால் கேட்டுவிட்டுப் போங்கள், தங்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து வழியில் வந்தால் வாசலில் நின்றுவிட வேண்டும். கோயிலைப் படம் எடுப்பதற்குப் போனை எடுக்கவே வேண்டாம்.

வண்டிச் சத்தம்தான் பெரிய குறை. சீசனில் குன்னூர் ஊட்டி ரோட்டில் நடப்பது தாம்பரத்தில் நடப்பது மாதிரி. 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இ-பாஸ் வேண்டும். பஸ்ஸில் போகிற நமக்கு அது இல்லை, ஒரு வேலை மிச்சம்.

நாட்கள் மிச்சமிருந்தால் ஊட்டியிலிருந்து மஞ்சூர் போய், அங்கிருந்து பஸ்ஸில் கின்னகொரை. பஸ்ஸில் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். அந்த ரோடு நல்ல காட்டுக்குள் போகிறது, நடப்பதற்கானது கிடையாது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனாலே போதும். என் கணக்கில் இரண்டு மலையிலும் மிக அழகான பஸ் பயணம் அதுதான்.

வனத்துறை நடை: அவலாஞ்சி, முக்கூர்த்திப் பக்கம்

விடுவது தனிமையையும் நாட்களையும். கிடைப்பது காடு, உண்மையான காடு.

2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு, கட்டணம், பயிற்சி பெற்ற வழிகாட்டி. வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்கள். நீலகிரியில் அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா, பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்கூர்த்திக் குடில், கரிக்கையூரின் பாறை ஓவியங்கள் என்று பட்டியல் போகிறது. கோலாரிபெட்டா 2,629 மீட்டர், தொட்டபெட்டாவைவிட எட்டு மீட்டர்தான் குறைவு. தொட்டபெட்டாவில் கார் பார்க்கிங்கும் சோளக் கடையும். இங்கே புல், காற்று, பள்ளங்களில் சுருண்டு கிடக்கும் சோலை, அதிர்ஷ்டம் இருந்தால் வரையாடு.

தனியாக என்ற சொல்லைப் பிடித்துத் தொங்குபவர்கள் இதை வேண்டாம் என்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். போன பிறகு தெரிந்தது, தனியாகப் போயிருந்தால் பாதிக்கு மேல் எனக்குக் கண்ணில் பட்டிருக்காது. வழிகாட்டித் தம்பி ஒரு இடத்தில் நின்று, குனிந்து, புல்லில் ஒரு குழியைக் காட்டினார். "ராத்திரி கடமான் படுத்திருந்தது. தொட்டுப் பாருங்க." புல் அமுங்கியிருந்தது, சுற்றிலும் பனி, அந்த இடம் மட்டும் காய்ந்திருந்தது.

மறைந்திருக்கும் செலவு கட்டணத்தில் இல்லை. காலையில் சீக்கிரம் வரச் சொல்வார்கள். அதனால் முந்தின நாள் ஊட்டியில் தங்கியாக வேண்டும். அங்கிருந்து நடை தொடங்கும் இடத்துக்கு ஜீப்போ டாக்சியோ. நாலு பேர் பகிர்ந்தால் தெரியாது, ஒரே ஆள் கொடுத்தால் நடையின் கட்டணத்தையே தாண்டிவிடும். மழை, தீ, யானை நடமாட்டம் என்று ரத்தானால் அந்த அறை வாடகையும் ஜீப்பும் போனது போனதுதான். தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இதை நம்பி லீவு போடாதீர்கள்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு

தனிமையும் காட்டின் ஓரமும் வேண்டும், தினமும் பை தூக்க வேண்டாம் என்றால் கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலோ, கோத்தகிரியிலோ ஒரே அறை எடுத்து ஒரு வாரம் இருக்கலாம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர், 2024இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஊர்களுக்குத் தண்ணீர் தரும் சோலை, ஒரு காலை முழுக்க அதற்குப் போகும். வார வாடகை பேசினால் குறைப்பார்கள்.

வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கும் பாதை பழைய குதிரைப் பாதை. வண்டி ரோடு வருமுன் துரைமார்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு கொடைக்கானல் ஏறியது இந்தப் பக்கம்தான். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, நாமும் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து கும்பக்கரை வரை இறங்க நினைத்தால் வனத்துறை அனுமதியும் கூட ஒரு ஊர்க்காரரும் வேண்டும். முழங்காலும் வேண்டும். வட்டக்கானலிலிருந்து கணக்கிட்டால் ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கு மேல் இறக்கம். மறுநாள் பெரியகுளம் பஸ் ஸ்டாண்டில் நான் படியைப் பார்த்துப் பயந்து நின்றேன்.

யாருக்கும் சொல்லாமல்

பேரிஜம், வந்தரவு, டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறுக்கு ஒரு பழைய ரோடு இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தப்பிப்பதற்கென்று செப்பனிட்டது, 1990 முதல் மூடிக் கிடக்கிறது. போன் மேப்பில் கோடு தெரியும். மூன்று சொற்களும் ஒன்றாக நிறைவேறும் வழி இதுதான் என்று நினைத்துத் திருட்டுத்தனமாகப் போக யோசிப்பவர்கள் என்னிடமே பேசியிருக்கிறார்கள். பேரிஜம் ஏரி வரை அனுமதியோடு பகலில் போய் வரலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் அபராதமும் வழக்கும் இருக்கட்டும், கால் உடைந்தால் நீங்கள் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. தேடி வருகிற வனக்காவலரும் வீட்டில் பிள்ளை குட்டி உள்ளவர்தான்.

ஒரே பார்வையில்

| | மேல் பழனி | கோத்தகிரி – ஊட்டி | வனத்துறை நடை | ஒரே ஊர் |
|---|---|---|---|---|
| தனியாக | முடியும் | முடியும் | வழிகாட்டியோடு | முடியும் |
| எத்தனை நாள் | 5 – 6 | 5 – 7 | ஒரு நடைக்கு ஒரு நாள் | இஷ்டம் |
| காடு | ஓரமாக | தேயிலைக்கு நடுவே கொஞ்சம் | நடுக்காடு | ஓரமாக |
| இரவு | ஊர் ஹோம்ஸ்டே | லாட்ஜ், ஹோம்ஸ்டே | ஊட்டியில் | அதே அறை |
| பாதியில் விட | ஒரு நாள் பொறுத்தால் பஸ் | உடனே பஸ் | வழிகாட்டி பொறுப்பு | கவலையில்லை |
| நல்ல மாதம் | ஜூன் – ஆகஸ்ட், டிசம்பர் கடைசி – ஜனவரி | ஜூன் – செப்டம்பர், ஜனவரி | டிசம்பர் கடைசி – ஜனவரி | அக்டோபர், நவம்பர் தவிர |
| எதிர்பாராத செலவு | இருவர் வாடகை | சீசன் விலை | ஜீப், முந்தின நாள் அறை | குறைவு |

டிசம்பர் ஜனவரி என்று போட்டிருக்கும் இடத்தில் உறைபனியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவலாஞ்சியிலும் ஊட்டிப் பள்ளங்களிலும் விடியற்காலை வெப்பம் பூஜ்யத்தைத் தொடும். மன்னவனூரில் ஹோம்ஸ்டேக்காரர் மூன்று கம்பளி கொடுத்தும் எனக்குப் பாதம் சூடாகவில்லை. ஆடி மாதத்துக்கு அட்டை. சாக்ஸுக்கு மேல் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொள்வது ஊர் வைத்தியம், வேலை செய்கிறது.

நான் யாருக்கு எதைச் சொல்வேன்

முதல்முறை தனியாகக் கிளம்புகிறவர் கோத்தகிரியில் ஆரம்பியுங்கள். வேலையிலிருந்து, வீட்டிலிருந்து, போனிலிருந்து கொஞ்ச நாள் ஆளே இல்லாமல் இருக்க வேண்டும் என்பவர் மேல் பழனி. அங்கே நடை கம்மி, திண்ணை அதிகம். சோலையும் புல்வெளியும்தான் கனவு என்றால் தனிமையை விட்டுவிட்டு வனத்துறை நடை இரண்டைப் பதிவு செய்யுங்கள். நடுவில் மூன்று நாள் இடைவெளி விட்டு, அந்த நாட்களில் கேத்திப் பக்கம் தனியாகச் சுற்றினால் மூன்று சொல்லையும் துண்டு துண்டாகவாவது தொட்ட மாதிரி இருக்கும். அடுத்த ஜனவரிக்கு நான் வைத்திருக்கும் திட்டம் இதுதான். மூன்றையும் விட மாட்டேன் என்பவர் டென்ட்டை எடுத்துக்கொண்டு இமயமலைக்கே ரயில் ஏறலாம். அங்கேயும் அனுமதிச் சீட்டு உண்டு.

குறிஞ்சிக்காகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2006இலும் 2018இலும் பூத்தது, அடுத்தது 2030. அந்த வருஷம் தனிமையைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

எந்த வழி என்றாலும் வீட்டில் ஒருவரிடம் ஊர்ப் பெயர்களைத் தேதியோடு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. "சாயங்காலம் ஆறு மணிக்குள் செய்தி வராவிட்டால் இந்த நம்பருக்குக் கூப்பிடு" என்று தங்கும் வீட்டின் நம்பரும் அதில் இருக்கட்டும். அப்புறம், ஏறும் பஸ்ஸின் கண்டக்டரிடம் ஒரு கேள்வி: ஹால்ட் பஸ் எது? கடைசி ஊரில் ராத்திரி நின்று விடியற்காலை இறங்கும் வண்டி அது. எந்த ஊரில் நிற்கும், எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று கேட்டுப் பாக்கெட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.